வெர்னா சுற்றிய கறுப்பு டேப்

எங்கள் தெருவில் வெர்னா ஹூடாக் கையால் பரிசு வாங்காத வீடே கிடையாது. கிறிஸ்துமஸுக்கு அவள் கொடுக்கும் பொட்டலத்தில் காகிதம் ஒரு மடிப்புக்கூடப் பிசகியிருக்காது, டேப் எங்கே முடிகிறது என்று தேடினாலும் தெரியாது. அதைப் பிரிக்க எனக்கு மனமே வராது.

அந்த விரல்கள் வாரன் ஊரின் வயர் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் பழகியவை. ஆணி அடித்த நீளப் பலகையில் கார் வயர்களைப் பரப்பி, கொத்தாகச் சேர்த்து, பசையில்லாத கறுப்பு டேப்பைச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் சரிபாதியை மூட வேண்டும். பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். அந்த நாளில் ஒஹாயோவிலிருந்து போன எத்தனையோ கார்களின் வயிற்றுக்குள் அவளுடைய டேப்தான் இருந்தது.

அவள் கணவன் எமில் இரும்பாலையிலிருந்து ஓய்வு பெற்றவன். மஸில் கார் எனப்படும், பெரிய எஞ்சின் வைத்த பழைய கார்களை வாங்கிச் சரிசெய்து விற்பதே அவனுக்கு உயிர். இரண்டு வருடத்துக்கு ஒன்று முடிப்பான். கடைசியாக வந்தது 1970-ஆம் வருடத்து ஆரஞ்சு நிற எட்டு சிலிண்டர் கார். அதற்குள் எமிலின் கைகள் நடுங்க ஆரம்பித்துவிட்டன. மருத்துவர் அந்த நோயின் பெயரைச் சொன்ன நாளில், வீட்டு வாசலில் இறங்கும்போது, "இதுதான் என் கடைசி வண்டி, வெர்னா," என்றான்.

பெயின்ட் முடிந்தது, எஞ்சின் முடிந்தது. வயர் மட்டும் பாக்கி. ஒரு காலை சமையலறை மேஜையில் எமில் விலைப் புத்தகங்களைப் பரப்பினான். மூன்று வழி இருந்தது. இந்தக் காலத்து வயர்த் தொகுப்பு, நிறைய ஃபியூஸோடு, எந்த வண்டிக்கும் பொருந்துவது. பழசைப் போலவே அதே நிறம், அதே பிளக்கோடு புதிதாகச் செய்து விற்பது. அல்லது வண்டியிலேயே கிடக்கும் பழைய வயர்.

வெர்னா கராஜுக்குப் போய் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு வயரை எடுத்து வளைத்தாள். மேலுறை பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கி அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"யோவ் கிழவா, இங்க பாரு. இது வயரே இல்ல, வத்தல். பேசாம அந்த ரெண்டாவதை வாங்கிப் போடு."

"போட்டா விளம்பரத்துல என்னன்னு எழுதுவேன்? 'ஃபாக்டரி போட்ட அதே வயர்'னு எழுத முடியுமா? கார் ஷோவுல நடுவர்ங்க எது புதுசுன்னு டார்ச் அடிச்சுக்கிட்டுக் கீழ படுத்துப் பார்ப்பானுங்கடி."

"அவனுங்க படுத்துப் பார்க்கட்டும். ஓட்டுறவன் உட்கார்ந்தில்ல போகணும்?"

எமில் சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கியது. "நாற்பது வருஷமா துருவைச் சுரண்டியிருக்கேன். ஒரே ஒரு வண்டி, ஒரு குறை சொல்ல முடியாத வண்டி, என் பேர்ல வெளிய போகட்டுமே. நொறுங்கின இடத்துல ஒட்டுப் போடு. மேல உன் கையால டேப் சுத்திடு. என் கையப் பாரு, என்னால முடியல."

நீட்டிய கை தானாக ஆடியது. வெர்னா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான்கு நாள் உட்கார்ந்து சுற்றினாள். கைக்கு எட்டிய இடங்களில் ஒட்டுப் போட்டாள். எட்டாத இடங்களை டேப் மூடிவிட்டது.

வாங்க வந்தவர் லைல் கேரிசன், சேன்ஸ்வில் ஊரின் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். வண்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். அவருடைய அண்ணன் ட்வைட்டிடம் இதே வருடத்து, இதே ஆரஞ்சு வண்டி இருந்ததாம். வியட்நாமுக்குப் போன அண்ணன் திரும்பவில்லை. வண்டியைப் பார்க்கச் சகிக்காமல் அம்மா விற்றுவிட்டாராம்.

அவர் வண்டியின் பானட்டைத் திறந்தார். பெயின்டையோ எஞ்சினையோ பார்க்கவில்லை. அந்தக் கறுப்பு டேப்பை விரலால் தடவினார்.

"இதை யாரு சுத்தினது?"

"என் வீட்டுக்காரி," என்றான் எமில், மார்பை நிமிர்த்தி. "ஃபாக்டரி வேலை சார்!"

"கண்ணுக்குத் தெரியாத இடத்துலயே இவ்வளவு சுத்தமா செஞ்சிருக்காங்களே. அப்ப மத்ததை நான் பார்க்கவே வேண்டாம், மிசஸ் ஹூடாக்."

வெர்னா காபிக் கோப்பைகளோடு நின்றிருந்தாள். 'உள்ளே வத்தல்' என்று சொல்லிவிட வாயெடுத்தாள். எமிலின் முகத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் முகத்தில் பார்த்து எத்தனை வருடமாயிற்று!

"சர்க்கரை போடட்டுமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

அன்று மதியமே, பணம் கொடுத்து வண்டியை ஓட்டிப் போனவர் ஊர் போய்ச் சேர்வதற்குள், டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்திருக்கிறது. கேரிசன் வண்டியை ஓரம்கட்டி இறங்கிவிட்டார். அதற்குள் தீ பிடித்துக்கொண்டது. ஆனால் கண்ணாடிக்கு மேல் அண்ணனின் புகைப்படத்தைச் செருகி வைத்திருந்தார். அதை எடுக்கத் திரும்பக் கையை விட்டார். புகைப்படமும் போயிற்று, வலது கையும் வெந்துபோயிற்று.

தொலைபேசியில் விஷயம் வந்தது. மறுவாரம் வெர்னா தனியாக சேன்ஸ்வில் போனாள். வாங்கிய பணம் முழுவதற்கும் காசோலையும், தான் செய்த வால்நட் ரோல் என்ற இனிப்பு ரொட்டியும் கொண்டுபோனாள்.

கட்டுப் போட்ட கையோடு கேரிசன் கதவைத் திறந்தார்.

"உள்ள இருந்த வயர் நொறுங்கிப் போனதுன்னு எனக்குத் தெரியும்," என்றாள் வாசலிலேயே. "தெரிஞ்சேதான் மேல சுத்தினேன்."

"நான் அந்த டேப்பைத் தொட்டுக்கிட்டு நின்னப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

அவர் கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேனேம்மா. எனக்கு ஷோவும் வேண்டாம், நடுவரும் வேண்டாம். புது வயர் போட்டுக்கிட்டு அண்ணனை நினைச்சு ஓட்டியிருப்பேன்."

அவர் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் தாங்க முடியவில்லை என்று என்னிடம் அழுதாள். காசோலையை அவர் வாங்கிக்கொண்டார். வால்நட் ரோலை வாங்கிக்கொள்ளவில்லை. திரும்பி வந்த அதை இரண்டு நாள் மேஜையில் அப்படியே வைத்திருந்தாள். எமில் அதன் பக்கம் கையை நீட்டவே இல்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டுக்குப் பரிசு வந்தது. காகிதம் கோணல்மாணலாக மடிந்திருந்தது, மேலே சணல் கயிறு. டேப் ஓரிடத்திலும் இல்லை. இழுத்ததும் அவிழ்ந்துவிடும்படி ஒரே ஒரு முடிச்சு.

"பிரிச்சு உள்ள பார்த்துட்டு வாங்கிக்க," என்று சொல்லிவிட்டு, நான் பிரிக்கும் வரை வாசலிலேயே நின்றாள்.