பாத உறையில் ஒரு முகம்

1. கொரோனா இரண்டாம் அலையில், நான் கருவிகளைப் பராமரிக்கும் மயிலாப்பூர் மருத்துவமனைக்கே அப்பா நோயாளியாக வந்தார்.
2. குப்புறப் படுத்தால்தான் அவருக்கு ஆக்ஸிஜன் அளவு ஏறியது.
3. அவரோ ஓயாமல் புரண்டு நிமிர்ந்தார்.

கவச உடையில் ஊழியர்கள் எல்லோரும் ஒன்றுபோலவே இருந்தோம். வார்டு ஆயா ஒருவர் மட்டும் தன் பாத உறைகளில் மார்க்கரால் கண், மூக்கு, பொட்டு வரைந்திருந்தார்.

"என்னக்கா இது?"

"குப்புறப் படுத்துகினு கீறவங்களுக்கு என் காலுதானே தெரியும்? அதான் மூஞ்சிய அங்க வெச்சிட்டேன்."

அப்பாவின் கட்டிலருகே போய் வலது காலை ஆட்டினார். "நைனா, நிமிந்து படுத்தின்னா இது உன்னாண்ட பேசாது."

அப்பா குப்புறக் கவிழ்ந்து, அந்தக் காலிடம் "சரிம்மா" என்றார். அதன்பின் புரளவில்லை.

இப்போது அப்பா நலம். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் காலைப் பார்க்கிறார். அந்த ஆயாவின் நிஜ முகத்தை நாங்கள் இருவருமே பார்த்ததில்லை.