ரோஸ் கலர் சீட்

ஈரண்ணாவுக்கு நீலாம்பிகே தர வேண்டிய கடன் எழுநூற்று எண்பது ரூபாய். மூன்று வருடமாக நிற்கிறது. தினமும் காலை ஆறரை மணிக்கு அந்தத் தொகையை ஒருமுறை முணுமுணுத்துவிட்டுத்தான் அவள் கணினித் திரையின் மேல் ஒரு பழைய தலையணை உறையை மாட்டுகிறாள். இயர்போனைக் காதில் செருகி, மவுஸை எட்டாத தூரத்தில் தள்ளி வைத்து, விசைகளை மட்டும் தட்டித் தட்டித் தான் கட்டிய இணையதளத்துக்குள் நடந்து போகிறாள். திரையில் என்ன இருக்கிறது என்று உள்ளிருந்து ஒரு குரல் படித்துக்கொண்டே வரும். கண் தெரியாதவர்கள் கணினியும் போனும் பார்ப்பது அந்தக் குரலை வைத்துத்தான். எங்காவது அது பெயர் சொல்லாமல் வெறுமனே "பட்டன்" என்று நின்றுவிட்டால், ஊரே நீலக்கா என்று கூப்பிடும் அவளுக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

ராஜாஜிநகரில் முறுக்கு, பொரிகடலை விற்கும் காண்டிமென்ட்ஸ் கடை மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை. வாசலில் 'நீலாம்பிகே வெப் ஒர்க்ஸ்' என்று மூன்றடிப் பலகை. அறைக்கு அது பெரிதுதான். இருக்கட்டும், சம்பாதித்தவள் மாட்டுகிறாள். சொந்த ஊரான குப்பியில் ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. பெங்களூருக்கு வந்து ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை தட்டச்சு செய்து, கடைக்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போகும் நேரத்தில் கம்ப்யூட்டரை நோண்டி, யாரும் சொல்லித் தராமல் கற்றுக்கொண்ட தொழில் இது. ஐம்பத்தேழு வயதில் நூற்று நாற்பத்து மூன்று இணையதளம் கட்டி முடித்திருக்கிறாள். கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள் கட்டிய ஊர்தான் இந்த ஊர். படித்தவர்கள் பிறகு வந்து கட்டடத்துக்குக் கண்ணாடி போட்டார்கள், அவ்வளவுதான். நீலக்காவும் அதை விடாமல் சொல்வாள். "இன்ஜினியர் நாலு பேர் உக்காந்து மூணு மாசம் பண்றத, நான் துணி ஊற வெச்சுட்டு வந்து பண்ணிடுவேன்."

அந்தப் பெருமைதான் கடனையும் வீட்டுக்கு அழைத்து வந்தது.

ஹுப்பள்ளிக்குப் போகும் தனியார் பஸ் கம்பெனி ஒன்றுக்கு அவள் டிக்கெட் பக்கம் செய்து கொடுத்திருந்தாள். பஸ்ஸின் உட்புறம் அப்படியே படமாக வரும். காலி இருக்கை பச்சை. விற்றுப்போனது சாம்பல். பெண்களுக்கு ஒதுக்கியது ரோஸ். பார்க்கிறவர்கள் எல்லாரும் அழகு என்றார்கள். ஈரண்ணா பார்க்கிறவர் இல்லை. தார்வாடிலிருந்து சேங்கா என்கிற நிலக்கடலைச் சட்னிப் பொடி தருவித்து பெங்களூரில் கடை கடையாகப் போடுகிற வியாபாரி. மாதம் ஒரு தடவை சரக்கு எடுக்க ஊருக்குப் போக வேண்டும். போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். குரல் "பட்டன், பட்டன், பட்டன்" என்று முப்பத்தாறு தடவை சொன்னது. ஏதோ ஒரு பட்டனை அழுத்தி எழுநூற்று எண்பது ரூபாயும் கட்டிவிட்டார்.

அது ரோஸ் இருக்கை. பஸ் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து அம்மாள் கத்த, கிளீனர் ஓடி வந்து, "ஏன்யா, கண்ணு தெரியலையா?" என்றான். "தெரியலப்பா" என்றார் ஈரண்ணா. பஸ் முழுக்கச் சிரிப்பு. வேறு இடம் இல்லை என்று யஷ்வந்த்பூரில் இறக்கிவிட்டார்கள். தப்பான இருக்கை எடுத்தது பயணியின் பிழை, பணம் திரும்பாது என்பது கம்பெனி விதி.

அவர் கம்பெனியோடு சண்டைக்குப் போகவில்லை. பக்கத்தின் அடி வரைக்கும் குரலை ஓட விட்டார். கடைசி வரியில் அது தெளிவாகச் சொன்னது: 'வடிவமைப்பு: நீலாம்பிகே வெப் ஒர்க்ஸ், ராஜாஜிநகர்'. மொத்தப் பக்கத்திலும் ஒழுங்காகப் பெயர் சொன்ன ஒரே இடம் அதுதான். மறுநாள் தடியைத் தட்டிக்கொண்டு மாடி ஏறி வந்து நின்றார்.

நீலக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று. மேஜை இழுப்பறையைத் திறந்து பணத்தை எடுத்து நீட்டினாள். ஈரண்ணா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இத வாங்கிட்டா நீங்க இன்னிக்கு நல்லாத் தூங்கிடுவீங்க அக்கா. அதான் வேண்டாம்ங்கறேன். ஒவ்வொரு தடவையும் இன்னொருத்தன் விரலக் கடன் வாங்கித்தான் டிக்கெட் எடுக்கறேன். என்னிக்கு என் விரலாலேயே எடுக்கறேனோ, அன்னிக்குக் குடுங்க."

அவரைவிட அவள் பத்து வயது மூத்தவள். ஆனால் பெயரிலேயே அண்ணாவை வைத்துக்கொண்டு பிறந்துவிட்டான் என்பது அவள் குறை. கடன்காரியானபின் கூடுதலாக ஒரு 'ங்க'வும் போட வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து தலையணை உறை. ஒரு மாதத்தில் இருக்கைகளுக்குப் பெயர் வைத்தாள். ஈரண்ணா வந்து பார்த்தார். படத்தில் தெரியும் கோணல் எழுத்தைப் பார்த்து எழுது என்று பணம் கட்டும் பக்கம் கேட்டது. அதை மாற்றினாள். போனுக்குப் புது மென்பொருள் வந்து, பயணத் தேதிப் பெட்டி ஊமையாயிற்று. அதைச் சரி செய்வதற்குள் கம்பெனி வங்கியை மாற்றியது. ஓட்டை அடைக்க அடைக்கப் பாத்திரம் புதுசு புதுசாக ஒழுகியது.

எல்லாருக்கும் எட்டும்படி இணையதளம் செய்வதற்கு உலகத்தில் ஒரு விதிப்பட்டியல் இருக்கிறது. சில வருடத்துக்கு ஒருமுறை புது விதிகள் சேர்ந்து அதன் பதிப்பு எண் மாறும். எண் மாறுகிறது என்று கேள்விப்பட்டாலே நீலக்காவுக்கு ராகி முத்தே என்கிற களி உருண்டை தொண்டையில் இறங்காது. இங்கிலீஷில் வருவதை அகராதி வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, நீள நோட்டில் கன்னடத்தில் எழுதிக்கொள்வாள். ஏழாவது நோட்டு ஓடுகிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வித்தியாசம் நாலரைக்கு ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அது மனதில் ஊறி, கடையில் புடவை பார்த்தாலும் "கரை நாலரை வராது, எடுத்து வை" என்கிறாள். தங்கச்சி மகள் கல்யாணப் பத்திரிகை சந்தன நிறத்தில் தங்க எழுத்தாக வந்தபோது, "யாரும் வரக் கூடாதுன்னே அடிச்சீங்களா?" என்று கேட்டதில் ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லை. போன் பட்டன் போதுமான பெரிதா என்று பார்க்க, ரொட்டி தட்டிய கையைக் கழுவி, ஈர விரலோடு அழுத்திப் பார்ப்பாள். உலர்ந்த விரலுக்கு மட்டும் வேலை செய்கிற பட்டன் அவளிடம் தேறாது.

வெளியே இப்படி அதிகாரம். உள்ளே உதறல். இன்னும் எவன் எந்த ஊரில் எந்த இருக்கையிலிருந்து இறக்கிவிடப்படுகிறானோ என்ற நினைப்பு. நூற்று நாற்பத்து மூன்று தளத்தின் அடியிலும் அவள் பெயர் இருக்கிறதே. படிக்கட்டில் தடிச் சத்தம் கேட்டால் கை தன்னால் வளையலைத் திருக ஆரம்பிக்கும்.

இந்த வருடம் பஸ் கம்பெனி முதலாளியின் மகன் கைக்கு வந்தது. சேத்தன் என்று பெயர். தளத்தை முழுதாகப் புதிதாகக் கட்டச் சொன்னான். மூன்று மாதம் வேறு வேலை எடுக்காமல் கட்டினாள். முடியும் தறுவாயில் வந்து, போனில் ஒரு படத்தைக் காட்டினான். கையை விரித்து நிற்கும் ஒரு பொம்மை.

"இத ஒரு மூலைல ஒட்டிட்டா போதுமாம் ஆன்ட்டி. கண்ணு, காது எல்லாருக்கும் தானாவே சரியாயிடுமாம். பழைய சைட்டுலயே ஒட்டிக்கலாம்."

"ஒழுகற கூரைக்கு அடில சாமி படம் மாட்டற மாதிரி" என்றாள் நீலக்கா.

"மாட்டினா செலவு கம்மி."

பேச்சு இப்படி முடிந்தது: வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஈரண்ணா வருவார். நிஜப் பணம், நிஜ டிக்கெட். யார் கையும் படாமல் அவரே எடுத்துவிட்டால் புதுத் தளம் மேலே ஏறும். இல்லாவிட்டால் பொம்மை. மூன்று மாத வேலையும் குப்பைக்குப் போகும், கடனும் சாகும் வரை நிற்கும்.

வெள்ளிக்கிழமை காலை தலையணை உறையோடு பதினோரு தடவை டிக்கெட் எடுத்துப் பார்த்தாள். பதினோரு தடவையும் கிடைத்தது. ஆனாலும் மத்தியானம் சாப்பிடவில்லை.

நான்கு மணிக்கு ஈரண்ணா வந்து உட்கார்ந்து, சட்னிப் பொடிப் பொட்டலம் ஒன்றை மேஜைமேல் வைத்து, போனை மார்போடு பிடித்துக்கொண்டார். அவர் போனின் குரல் காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிக்கிற வேகத்தில் பேசும். சேத்தன் கதவில் சாய்ந்து நின்றான். ஊர், தேதி எல்லாம் தடங்கலில்லாமல் போயின. இருக்கைகள் வந்தன. நீலக்கா நாற்காலி நுனிக்கு வந்தாள். அவள் பெருமைப்பட்ட இடம் அது. குரல் ஆரம்பித்தது. நீலாம்பிகே வெப் ஒர்க்ஸ் தங்களை அன்புடன் வரவேற்கிறது. இருக்கை எண் ஒன்று, இடப்புறம், ஜன்னல் ஓரம், கட்டணம் இவ்வளவு, மன்னிக்கவும், இந்த இருக்கை விற்பனையாகிவிட்டது. இருக்கை எண் இரண்டு, இடப்புறம், நடைபாதை ஓரம், கட்டணம் இவ்வளவு, மன்னிக்கவும்…

பதினான்காவது மன்னிப்பின்போது ஈரண்ணா கொட்டாவி விட்டார். பத்தொன்பதில் குரல் வேறு தொனியில், டிக்கெட் எடுக்கத் தந்த ஐந்து நிமிடக் கெடு முடிந்தது, முதலிலிருந்து தொடங்கவும் என்றது.

ஈரண்ணா போனை மடியில் இறக்கினார்.

"முன்னாடி இது ஊமையா இருந்துச்சு அக்கா" என்றார் ஈரண்ணா. "இப்ப உங்கள மாதிரி பேசுது."

சேத்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனைத் தட்டத் தொடங்கினான். பொம்மைக்காரனுக்குத்தான் என்பது நீலக்காவுக்குத் தெரிந்தது. பதினோரு தடவை எப்படிக் கிடைத்தது? கிடைக்காமல் என்ன, காலியான இருக்கை எது என்று அவளுக்கு முன்பே தெரியும். குரல் வாயைத் திறக்குமுன் விசையைத் தட்டித் தாண்டிவிடுவாள். தலையணை உறை கண்ணைத்தான் மூடியது. தான் கட்டிய வீடு என்கிற நினைப்பை அது எங்கே மூடியது?

"தம்பி" என்றாள். "ஒரு பை டூ காபி குடிச்சு முடிக்கற நேரம் குடு."

சேத்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு கீழே குரல் கொடுத்து, ஒரு காபியை இரண்டு டம்ளரில் பங்கிட்டுத் தரச் சொன்னான்.

அவள் வெட்ட உட்கார்ந்தாள். மூன்று மாதமாக இழைத்துச் சேர்த்த சொற்கள். மன்னிக்கவும் போயிற்று. இடப்புறம் போயிற்று. விற்ற இருக்கைகளைக் குரல் தொடாமலே தாண்டும்படி செய்தாள். கட்டணம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே. பக்கத்தின் தலைப்பில் ஒருமுறை சொன்னால் போதும். மீதி நின்றது 'இருபத்து மூன்று, ஜன்னல்'. 'இருபத்து நான்கு, பெண்களுக்கு'. கெடு முடிய ஒரு நிமிடம் இருக்கும்போதே, இன்னும் நேரம் வேண்டுமா என்று கேட்கும்படி வைத்தாள். அந்த விதி நாலாவது நோட்டில் அவள் கையெழுத்திலேயே இருந்தது, எழுதியவள்தான் மறந்திருந்தாள். கடைசியில் வரவேற்பு வரி. அதன்மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது. வெட்டினாள். அதே வேகத்தில் பக்கத்தின் அடிக்கும் போனாள்.

"அடியில இருக்கற பேரையும் எடுத்துடறேன் ஈரண்ணா."

ஈரண்ணா பாதிக் காபியை வைத்துவிட்டு உள்ளங்கையால் தடுப்பதுபோல் காட்டினார். "அத விட்டு வைங்க தாயி. திட்டறதுக்கு ஒரு ஆள் வேணுமே."

மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை நீலக்கா திரையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். வளையலைத் திருகித் திருகி மணிக்கட்டு சிவந்துவிட்டது. இருபத்து மூன்று, ஜன்னல். இருபத்து நான்கு, பெண்களுக்கு. ஈரண்ணாவின் விரல் இருபத்து நான்கின் மேல் ஒரு நொடி நின்றது, உதடு கோணியது, தாண்டிப் போனது. இருபத்தேழு, ஜன்னல். விரலால் இரண்டு தட்டு. பெயர். வயது. பணம் கட்டும் பக்கம். ரகசிய எண் குறுஞ்செய்தியாக வந்தது. குரல் சொல்லச் சொல்லக் கட்டை விரலால் அடித்தார். பிறகு குரல் ஒன்றும் சொல்லவில்லை. வட்டம் சுற்றுகிறது என்று கண்ணுள்ளவர்களுக்குத் தெரியும். சுற்றும் வட்டத்துக்குப் பெயர் வைத்தோமா இல்லையா என்று நீலக்காவுக்கு நினைவு வரவில்லை. "காத்திருக்கவும்" என்றது குரல். வைத்திருந்தாள்.

டிக்கெட் வந்துவிட்டது.

சேத்தன் தன் போனிலும் ஒருமுறை சரிபார்த்தான். இருபத்தேழு, ஜன்னல், ஈரண்ணா, ஹுப்பள்ளி. பொம்மையை மூடினான். திங்கட்கிழமை ஏற்றிவிடலாம் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு, காபிக்குக் காசு கொடுக்கக் கீழே இறங்கினான்.

ஈரண்ணா எழுந்திருக்கவில்லை. வலது கையை மேஜைமேல் மல்லாத்தி வைத்தார்.

நீலக்கா மேஜை இழுப்பறையைத் திறந்தாள். மூன்று வருடத்துக்கு முன் எடுத்து நீட்டிய அதே நோட்டுகள், ரப்பர் வளையத்தோடு கிடந்தன. எடுத்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒவ்வொரு நோட்டாக விரலோடு வைத்து, தொகைக்குத் தக்கபடி மாறும் நீளத்தைப் பார்த்து, அந்தக் கையில் வைக்கத் தொடங்கினாள்.

"ஐநூறு. நூறு. இன்னொரு நூறு. அம்பது." விரல் தயங்கியது. "பத்து."

ஈரண்ணா அதைத் தன் நடுவிரலில் ஒருமுறை நீட்டிப் பார்த்தார்.

"இது இருபது தாயி. பத்து உங்க கையில இருக்கு."

கண்ணைத் திறக்காமலே அவள் கடைசி நோட்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.