எனக்கு எந்த மாத்திரை

எனக்கும் அக்காவுக்கும் ஒரே நோய். தொடையிலும் தோளிலும் சதை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அம்மாவும் அப்பாவும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். அவர்களுக்குள் வெளியே தெரியாமல் இருந்தது எங்கள் இருவரிடமும் வந்து சேர்ந்தது. புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஆள் எடுக்கிறார்கள் என்றதும் இருவருமே சேர்ந்தோம். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கும் டாக்டருக்கே தெரியாது.

நான் கடலூரிலிருந்தும், அக்கா குமராட்சியிலிருந்து மினிபஸ்ஸிலும் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போவோம். அங்கே கையூன்றாமல் எழ வேண்டும், படி ஏற வேண்டும். பக்கத்தில் ஒருவர் கடிகாரத்தோடு நிற்பார்.

மாத்திரை தொடங்கியதிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. காலையில் கட்டிலைப் பிடிக்காமல் எழுந்துவிட்டால் நிஜ மருந்து. முடியாவிட்டால் வெறும் மாத்திரை. மதியத்துக்குள் முடிவு மாறிவிடும். என் செல்போன் ரிப்பேர் கடையில் வந்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்டூலிலிருந்து எழுந்து எழுந்து உட்காருவேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள் அக்கா கைப்பிடியைத் தொடாமல் படி ஏறினாள். நான் பாதியில் நின்றுவிட்டேன். வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் தன் மாத்திரை டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்குத்தான் நெஜ மருந்து போல. நீ இத எடுத்துக்க, உன்னுத குடு. பாக்க ஒரே மாதிரிதான இருக்கு?"

"வேணாங்க்கா."

"எனக்குப் புள்ள பொறந்து வளந்தாச்சு. நீ இன்னும் கல்யாணமே பண்ணலடா."

"மாத்துனா சோதனையே பாழாப் போயிடும். நம்மள மாதிரி இருக்கறவுங்களுக்கு அப்புறம் என்னா தெரியும்?"

பெரிய மனதோடுதான் சொன்னேன். ஆனால் பஸ் புதுச்சத்திரம் தாண்டும் வரை, இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றே தவித்துக்கொண்டிருந்தேன்.

சோதனை முடிந்ததும் டாக்டர் எங்களை ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னார். மருந்து எனக்கு. அக்காவுக்கு வெறும் மாத்திரை.

அக்கா, "அப்ப படி ஏறுனது நான்தானா?" என்று கேட்டாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜ மருந்தைப் போட்டுக்கொண்டா பாதிப் படியில் நின்றேன்?

"போடலன்னா இத விட ஜாஸ்தியா தளர்ந்திருக்கலாம்" என்றார் அவர். மருந்து போடாத அந்த என்னை எங்கே போய்ப் பார்ப்பது?

இப்போது இருவருக்கும் நிஜ மருந்தே தருகிறார்கள். அக்காவுக்கு முதல் வாரமே வயிற்றைப் பிரட்டியது, ஆனாலும் விடவில்லை. தினமும் போன் செய்து, "இன்னிக்கு எப்படிடா இருக்கு?" என்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் தனக்கு எப்படி என்று சொல்ல ஆரம்பித்துவிடுகிறாள்.