கருத்துப் பெட்டிக்குக் காவல்

அடுத்தவர்களின் சண்டையை வேலியோரம் நின்று சும்மா பார்க்கிற ஆட்கள் உண்டு. எனக்கு அதே சண்டையைக் கதிரையில் இருந்து பார்க்கச் சம்பளம் தருகிறார்கள். ஜேர்மனியில், கொலோன் நகரத்தில் ஒரு உள்ளூர்ப் பத்திரிகையின் இணையத்தளத்தில், செய்திகளுக்குக் கீழே வாசகர்கள் எழுதுகிற கருத்துகளை வாசிப்பதுதான் என் வேலை. தூஷணம் இருந்தால் அழிக்க வேண்டும். மிரட்டல் இருந்தால் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம், எவ்வளவு விசர்க் கதையாக இருந்தாலும், அப்படியே விட வேண்டும். கஷ்டமான விதி அந்தக் கடைசிதான்.

முதலில் அதே பத்திரிகையின் சந்தாப் பிரிவில் ரெலிபோன் எடுத்துக்கொண்டிருந்தேன். பேப்பர் வரவில்லை, பேப்பர் நனைந்து வந்தது என்று ஏச்சுக் கேட்டுப் பழகிய காது என்னுடையது. அந்தப் பிரிவை மூடியபோது, இந்தக் காதை வீணாக்கக் கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ, இங்கே மாற்றிவிட்டார்கள். ஆறு வருடமாகிறது. முகநூலில் மச்சானோடு அரசியல் கதைக்கப் போய் அவருடைய பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போக முடியாமல் நின்றவர்களே, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘காலநிலை’ என்று ஒரு சொல் எழுதிவிட்டு மூன்று நாள் நிம்மதியில்லாமல் திரிந்தவர்களே, நீங்கள் தனி ஆட்கள் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆமை காணவில்லை

வேலைக்கு வந்த முதல் மாதம், பெப்ரவரி. புறநகர் ஒன்றில் ஒரு பெண்ணின் வளர்ப்பு ஆமை காணாமல் போய்விட்டது, கண்டவர்கள் அறிவிக்கவும் என்று நாலு வரிச் செய்தி. பக்கத்து மேசை பிர்கிற் இந்த வேலையில் என்னைவிடப் பத்து வருடம் மூத்தவள். “இதை நீ தனியாகப் பார், பயப்பட ஒன்றுமில்லை” என்று ஆமையை என்னிடம் ஒப்படைத்துவிட்டுக் கோப்பி எடுக்கப் போனாள்.

முதல் ஆள், பாவம், கெதியாகக் கிடைக்க வேண்டும் என்று எழுதினார். இரண்டாம் ஆள், பெப்ரவரியில் ஆமை நித்திரையில் அல்லவா இருக்க வேண்டும், ஃபிரிட்ஜுக்குள் வைத்திருக்க வேண்டியதுதானே என்று கேட்டார். இங்கே உண்மையாகவே அப்படித்தான், குளிர்காலத்தில் ஆமையை ஃபிரிட்ஜில் நித்திரை கொள்ள வைப்பார்கள். மூன்றாம் ஆள், குளிர்காலம் என்று ஒன்று இப்போது எங்கே இருக்கிறது, பூமி சூடாவது ஆமைக்கே விளங்கிவிட்டது என்றார். நாலாம் ஆளுக்கு அது போதும். இந்தக் காலநிலைக் கூட்டம் ஆமையையும் விட்டுவைக்கவில்லையா என்று தொடங்கினார். பிர்கிற் கோப்பியோடு வருவதற்குள் நிலக்கரி, காற்றாலை, அணு உலை, அரசாங்கம் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. ஆமைச் செய்தியைப் போட்டதே மக்களைத் திசைதிருப்பத்தான் என்று ஒருவர் கண்டுபிடித்திருந்தார்.

எதை அழிப்பது, எதை விடுவது என்று தெரியாமல் எனக்கு வேர்த்து ஊற்றியது. அந்த நேரம் பார்த்து ஆமைக்காரி தானே வந்து எழுதினார்: “எல்லோருக்கும் நன்றி. ஆமை கிடைத்துவிட்டது, சோபாவுக்குக் கீழேதான் இருந்தது. உங்களைக் குழப்ப விரும்பவில்லை, நீங்கள் தொடருங்கள்.”

அடிமட்டத்தோடு ஒருவர்

கிளைன்ஷ்மிட் என்று ஒரு ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். அவர் கருத்தை எழுதமாட்டார், திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு ரெலிபோனில் சொல்லுவார். எங்கள் பேப்பர் பக்கச்சார்பானது என்பது அவருடைய முடிந்த முடிவு. அதற்கு ஆதாரமும் வைத்திருந்தார். ஒவ்வொரு கட்சித் தலைவரின் படத்தையும் அடிமட்டம் வைத்து அளந்து, எந்தக் கட்சிக்கு எத்தனை சென்ரிமீற்றர் என்று கொப்பி போட்டு எழுதிவந்தார். “போன கிழமை உங்களுடைய ஆள் எட்டுக்குப் பன்னிரண்டு சென்ரிமீற்றர். என்னுடைய ஆள் தபால்தலை அளவு” என்பார்.

நானும் விடமாட்டேன். சிறிய படம் முதல் பக்கத்தில் வந்தது, பெரிய படம் பதினாறாம் பக்கத்தில் வந்தது, இதற்கு என்ன கணக்கு என்று கேட்பேன். அவர் யோசித்துவிட்டு, அடுத்த திங்கள் பக்கத்தையும் சேர்த்துப் பெருக்கிக்கொண்டு வருவார். சிரிக்கிற படம், முறைக்கிற படம் இரண்டுக்கும் ஒரே மதிப்பா என்று கேட்பேன். அதற்கு அடுத்த திங்கள் முகபாவத்துக்கும் ஒரு புள்ளித் திட்டம் வந்துவிடும். இப்படி இரண்டு வருடம்.

ஒருமுறை மூன்று கிழமை விடுமுறையில் போனேன். எனக்குப் பதிலாக இருந்த ஆள் மிகவும் பண்பானவர். திரும்பி வந்த முதல் திங்கள், ஒன்பது மணிக்கே ரெலிபோன் அடித்தது. வழமையைவிடப் பத்து நிமிடம் முந்தி. குரலில் ஒரே ஆதங்கம். “திருமதி ஜெசிந்தா, நல்லகாலம் வந்துவிட்டீர்கள். உங்கள் இடத்தில் இருந்தவர் நான் சொன்ன எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டுவிட்டார். அப்படிப்பட்ட மனிதரோடு என்னத்தைக் கதைக்கிறது?”

பேப்பரின் வாயால் நான்

இது சிரிப்பில்லாத கதை, ஆனால் சொல்லத்தான் வேண்டும். என் மனிசன் ராஜன் கூரை வேலை செய்கிறவர். ஒரு ஜூலை மாதம், தட்டைக் கூரை ஒன்றில் தார்த்தாள் விரித்துக்கொண்டிருந்தவர் வெக்கையில் மயங்கி விழுந்துவிட்டார். கூட வேலை செய்தவர்கள் இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். “ஒண்டுமில்லையப்பா, கொஞ்சம் தலை சுத்தினது” என்று அவர் சொன்னாலும், தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தார்.

அடுத்த கிழமை வெப்ப எச்சரிக்கை பற்றிய செய்தி ஒன்றுக்குக் கீழே ரோலண்ட் என்ற ஒருவர் எழுதினார்: ‘முப்பத்தாறு பாகை. முன்பு இதைக் கோடை என்று சொல்லுவோம். இப்போது எல்லோரும் பஞ்சால் செய்த ஆட்கள்.’ இதில் அழிக்க ஒன்றுமில்லை. தூஷணம் இல்லை, மிரட்டல் இல்லை. ஆனால் எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. என் சொந்தக் கணக்கில் போய், ‘என் கணவர் போன கிழமை இந்தக் கோடையில்தான் கூரையில் மயங்கி விழுந்தார். பஞ்சால் செய்த ஆள் இல்லை, இருபது வருடமாக உங்களைப் போன்றவர்களின் தலைக்கு மேலே மழை விழாமல் பார்த்தவர். நாளைக்கு நீங்கள் ஏறிப் பாருங்கள்’ என்று எழுதிவிட்டேன். பிர்கிற்றின் கதிரை சர்ரென்று என் பக்கம் திரும்பியது. “ஜெசி, எந்தக் கணக்கில் நிற்கிறாய் என்று பார்.” பார்த்தேன். பத்திரிகையின் கணக்கு. பெயர், சின்னம் எல்லாம் பளிச்சென்று நின்றன.

அழிப்பதற்குள் அது படம் பிடிக்கப்பட்டுச் சுற்றத் தொடங்கிவிட்டது. ‘பத்திரிகை தன் சுயரூபத்தைக் காட்டிவிட்டது’ என்று ஒரு பக்கம், ‘கடைசியில் உண்மை சொன்னார்கள்’ என்று மறுபக்கம். என் ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட இருந்தது. பொறுப்பாளர் லோமான் கூப்பிட்டு, அப்மானுங் என்ற எச்சரிக்கைக் கடிதத்தை மேசையில் வைத்தார். கேட்கும்போதே அவமானம் மாதிரி ஒரு சொல், கையெழுத்துப் போடும்போதும் அப்படித்தான் இருந்தது. கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவரே, “உங்கள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். ஆனால் இன்றைக்கு வீட்டுக்குப் போங்கள்” என்றார். படியில் இறங்கும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இரண்டு நாள் கழித்து ரோலண்டிடமிருந்து, பொதுவில் அல்ல, எங்கள் பத்திரிகைக் கந்தோருக்கு ஒரு மின்னஞ்சல்: “நான் எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன். உங்கள் கணவர் இப்போது எப்படி இருக்கிறார்?”

பழைய கொலோன்காரன்

மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களுக்குத் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை. பூசை முடிந்து மண்டபத்தில் ரோல்ஸும் கோப்பையில் ரீயும் கொடுத்துக்கொண்டிருந்தபோது மரியதாஸ் அண்ணை என்னைத் தேடி வந்தார். மன்னார் ஆள், தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு எடுத்து ஒரு வருடம்.

“தங்கச்சி, அந்தப் பேப்பரிலை கொமெண்ட் அழிக்கிறது நீங்கள்தானே?”

“ஓம் அண்ணை. ஏன், நீங்கள் எழுதினது ஏதும் அழிஞ்சு போச்சோ?”

“நான் எழுதினது இல்லை. எனக்கு வந்தது.” சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “அந்த ‘பழைய கொலோன்காரன்’ ஆர் எண்டு நினைக்கிறியள்? நான்தான்.”

என் கையிலிருந்த ரீ தளும்பிவிட்டது. பழைய கொலோன்காரனை எனக்கு நன்றாகத் தெரியும். எந்தச் செய்தியானாலும், சனம் பேப்பர்க் குப்பைத் தொட்டிக்குள் பிளாஸ்ரிக்கைப் போடுகிறது என்ற இடத்தில் கொண்டுவந்து முடிப்பார். நான் அவரை எண்பது வயது ஜேர்மன் கிழவனாக, குட்டைக் கால் நாயோடு கற்பனை செய்து வைத்திருந்தேன். முந்தின கிழமை ஒருவர் அவருக்கு, ‘அடுத்தவனின் குப்பைத்தொட்டியை எட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லாத அசல் ஜேர்மன் கிழட்டு மாடே’ என்று பதில் எழுதியிருந்தார். மாடு என்ற சொல்லுக்காக அதை நான் அழித்தேன்.

“அண்ணை, அது உங்களை ஏசினதெல்லோ? அதைத்தானே அழிச்சனான்.”

“விளங்குது பிள்ளை. ஆனா மனிசிக்குக் காட்டுறதுக்கு முதல் அழிஞ்சு போச்சு. அதைத் திருப்பிப் போட ஏலாதோ? முப்பத்தைஞ்சு வருசம் இங்கை இருக்கிறன், என்னை ஒருத்தன் ஜேர்மன்காரன் எண்டு நினைச்சு ஏசினது இதுதான் முதல் தரம்!”

கேக் மேசை

போன வருடம் கருத்துப் பகுதியை மூடிவிடலாமா என்று நிர்வாகம் யோசிக்கத் தொடங்கியது. செலவு, தலையிடி, வழக்குப் பயம். எனக்கும் பிர்கிற்றுக்கும் அது வேலை போகிற கதை. முடிவெடுக்க முதல், வாசகர்களைக் கந்தோருக்கு அழைக்கிற திறந்த நாளுக்கு நிர்வாகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

வரவேற்பு மேசையில் பெயர் அட்டை கொடுத்தது நான். பட்டியலை இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் தளத்தில் இரண்டு வருடமாக ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டிருந்த ‘காற்றாடி’யும் ‘பழைய அடுப்பு’ம் ஒரே நாளில் வந்திருந்தார்கள். காற்றாடி, வெளிக் குளிரிலிருந்தே வெப்பம் எடுத்து வீட்டைச் சூடாக்கும் வெப்பப் பம்ப் இல்லாத வீடு வீடே இல்லை என்கிறவர். பழைய அடுப்பு, அந்தப் பம்ப் நாட்டையே நாசமாக்கப் போகிறது என்கிறவர். இரண்டு பேரையும் நான் ஆளுக்கு இரண்டு தடவை முடக்கியிருக்கிறேன்; ஒருவரை முடக்கும்போது மட்டும் அவருடைய உண்மைப் பெயர் என் திரையில் வரும். ஆனால் யார் எந்தப் புனைபெயர் என்று வாய் திறந்தால், தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் என் வேலை அன்றே போய்விடும். உண்மைப் பெயர் எழுதிய அட்டையைச் சட்டையில் குத்திவிட்டு, அடுத்தவரின் அட்டையை எடுத்தேன்.

கேக் மேசையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பிளம்ஸ் கேக்கில் கடைசித் துண்டை “நீங்கள் எடுங்கள்”, “இல்லை, நீங்கள் எடுங்கள்” என்று மாறி மாறி உபசரித்தார்கள். நிர்வாகப் பெண்மணியும் புன்னகையோடு வந்து நின்றார். அப்போது இரண்டு பேரில் உயரமான, நெடுவலானவர் மின்சாரக் கட்டணத்தைப் பற்றி ஏதோ சொல்லி, “அமைதியாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள், அன்பரே!” என்று முடித்தார். காற்றாடியின் ஒவ்வொரு கருத்தும் அந்த வரியில்தான் முடியும். மற்றவரின் முள்ளுக்கரண்டி அந்தரத்தில் நின்றது. “நீங்களா?” என்றார். நெடுவலானவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “பழைய அடுப்பு! நீங்கள் இவ்வளவு கட்டையானவர் என்று எழுத்தில் தெரியவே இல்லை.”

பிர்கிற் என் முழங்கையைப் பிடித்தாள். பெண்மணி நிலைமையைச் சமாளிக்க, “இந்தப் பகுதியை மூடினால் உங்களுக்கும் ஒரு நிம்மதி, இல்லையா?” என்றார். அதுதான் அவர் விட்ட பிழை. இரண்டு பேரும் ஒன்றாக அவர் பக்கம் திரும்பினார்கள். மூடுவதா? மக்களின் வாயை அடைப்பதா? இந்தப் பேப்பர் காற்றாலைக்காரரின் பேப்பர் என்று ஒருவர், எண்ணெய்க்காரரின் பேப்பர் என்று மற்றவர். ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர் தொடர்ந்தார். பெண்மணியின் கோப்பி ஆறி ஆடை படிந்துவிட்டது. கடைசியில் பகுதியை மூடுவதில்லை, சனி ஞாயிறு மட்டும் பூட்டுவது என்று முடிவாயிற்று. எங்கள் இரண்டு பேரின் வேலையும் தப்பியது.

பூட்டிய முதல் சனி ஞாயிறு போய், திங்கள் காலை பெட்டியைத் திறந்தேன். முதலாவதாக வந்திருந்தது பழைய அடுப்பின் கருத்து: “உங்கள் தளம் பூட்டியிருந்தபடியால், அந்த ஆளின் வீட்டுக்கே போய்ச் சண்டை பிடிக்க வேண்டியதாகிவிட்டது. பம்ப் சத்தம் போடுகிறது. கேக் நன்றாக இருந்தது.”

ஆறு வருடத்தில் இங்கே சண்டை பிடித்து மனம் மாறிய ஒருவரையும் நான் கண்டதில்லை, சண்டை பிடிக்க ஆள் கிடைக்காமல் சந்தோஷமாக இருந்த ஒருவரையும் கண்டதில்லை.