விசில் சிரித்த மேடை

அவருக்கு ஊர் வைத்த பெயர் விசில். குடிநீர் வாரியத்தில் மீட்டர் ரீடராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை, விடுமுறை நாட்களில் கல்லூரிக் கால்பந்துப் போட்டிகளுக்கு ரெஃப்ரி. இரண்டு வேலையையும் ஒரே மாதிரிதான் பார்த்திருக்கிறார். வீட்டு வாசலில் நின்று "மீட்டர்!" என்று ஒரு சொல். கதவு திறந்தால் உள்ளே போவார், குனிந்து பார்ப்பார், குறித்துக்கொள்வார், அடுத்த வீடு. மைதானத்தில் ஊதுவார், கையைக் காட்டுவார், திரும்பி நடப்பார். "ஏன் சார்?" என்று பின்னால் ஓடி வருபவனுக்கு அவருடைய முதுகுதான் பதில். ரெஃப்ரி ஊதுவான், விளக்கம் சொல்ல மாட்டான் என்பது அவர் கொள்கை.

அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவருடைய கல்யாணப் போட்டோவைக் காட்டி, "பாருங்க சிஸ்டரம்மா, போட்டோகிராஃபருக்கு மஞ்சள் அட்டை காட்டப்போற மாதிரியே நிக்கிறார். எங்கம்மா கடைசிவரைக்கும் இதைச் சொல்லிச் சொல்லியே கிண்டல் பண்ணுவாங்க" என்று என்னிடம் சொன்னாள் அவர் மகள்.

அவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு என்னை வேலைக்கு வைத்தவள் இந்த மகள்தான். ஒரே மகள், வங்கியில் வேலை. நான் நர்ஸ் இல்லை. நோயாளியைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்தவள், அவ்வளவுதான். குளிப்பாட்டுவது, எழுப்பி நடத்துவது, மரத்த கைக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அவருக்கு இடது பக்கம் விழுந்திருந்தது. இடது கை எப்போதும் பாதி மூடியே இருக்கும். பேச்சு குழறும். ஆனால் புத்தி பளிச்சென்று இருந்தது. அதுதான் சங்கடமே.

இன்னொரு கோளாறும் இருந்தது. முதலில் அதைக் கவனித்தது அவருடைய மைத்துனர் வந்த அன்று. தன் மனைவிக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டு மைத்துனர் கண்ணைத் துடைத்தார். இவர் சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை. வயிறு குலுங்க, வாய் கோணி, மூச்சு வாங்கும் சிரிப்பு. மைத்துனர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே போனவர்தான், திரும்ப வரவில்லை.

டாக்டரிடம் கேட்டோம். சிலருக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு இப்படி வரும் என்றார். சிரிப்பையும் அழுகையையும் பிடித்து நிறுத்தும் பிரேக் மூளையில் அறுந்துபோகிறது. உள்ளே துக்கம் இருந்தாலும் வெளியே சிரிப்பாக வரும். மாத்திரை கொடுத்தார், கொஞ்சம் குறைந்தது. எனக்குத் தெரிந்ததை நானும் சொல்லிக்கொடுத்தேன்: வருகிற மாதிரி இருந்தால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கக் கூடாது, சுவரையோ தரையையோ பார்க்க வேண்டும், மூச்சை மெதுவாக வெளியே விட வேண்டும்.

"வர்றவங்ககிட்ட முதல்லயே சொல்லிடலாம் சார். சொல்லிட்டா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க" என்றேன்.

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். விளக்கம் முடிந்தது.

இந்த நிலையில்தான் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் வந்தார். பெயின்ட் கடைக்காரர், விரல் நகத்தில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். கழகம் ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் சுற்றுவட்டாரக் கல்லூரி அணிகளில் நன்றாக ஆடியவர்களுக்கு விருது கொடுக்கும். சிறந்த கோல்கீப்பர், சிறந்த தடுப்பாட்டக்காரர், அதிக கோல் அடித்தவர், கடைசியாக ஆண்டின் சிறந்த வீரர். ரெஃப்ரி வேலையை விட்டதிலிருந்து நீல ரிப்பன் பதக்கத்தைக் கழுத்தில் போடுவது இவர்தான். "விசில் கையால வாங்கினா அப்பீலே கிடையாது" என்று பையன்கள் பேசிக்கொள்வார்களாம்.

"இந்த வருஷம் உங்களுக்குச் சிரமம்னா வேற ஆளை..." என்று இழுத்தார் செயலாளர்.

"வருவேன்" என்றார் இவர்.

செயலாளர் போனதும் நானும் மகளும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டோம்.

"அப்பா, அவர்கிட்ட மட்டுமாவது விஷயத்தைச் சொல்லிடுறேன்பா."

"கூடாது."

"மேடையில வந்துட்டா?"

"வராது."

"நீங்க ஊதினா நிக்கிறதுக்கு அது என்ன ஃபுட்பாலாப்பா?" என்றாள்.

அவர் அசையவில்லை. தன்னை நோயாளி என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு மேடையேற அவருக்கு வெட்கம். அந்த மைதானத்தில் கிழவர்கள் முதல் நேற்று வந்த பையன் வரை அவரைக் கண்டால் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வார்கள். அதை இழக்க அவருக்கு மனம் இல்லை. எனக்குப் புரிந்தது. புரிந்தாலும் தப்பு தப்புதான்.

வீட்டில் ஒத்திகை பார்த்தோம். மகள் பெயர்களைப் படிப்பாள், நான் குனிவேன், அவர் வலது கையால் ரிப்பனை என் தலைக்கு மேல் தூக்கிப் போடுவார். இடது கை கீழே தாங்கும். என் கொண்டையில் ரிப்பன் மாட்டிக்கொண்டபோதுகூட அவர் சிரிக்கவில்லை, நாங்கள் இரண்டு பேரும்தான் சிரித்தோம். சரி, சமாளித்துவிடுவார் என்று நானும் நம்பினேன்.

விழா மைதானத்தை ஒட்டிய கூடத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் பழைய அணிகளின் படங்கள், மேடையில் ஒரு மேசை, அதன் மேல் வரிசையாகப் பதக்கங்கள். நான் அவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கோல்கீப்பர் வந்தான், குனிந்தான், போட்டார். தடுப்பாட்டக்காரன், அவனுக்கும் போட்டார். கோல் அடித்தவன் குனியும்போது அவர் நாற்காலியில் சாய்த்திருந்த தடி வழுக்கிற்று, நான் பிடித்துக்கொண்டேன். கைதட்டல். அவர் காது சிவந்திருந்தது, பெருமையில்.

அடுத்து ஆண்டின் சிறந்த வீரர். செயலாளர் மைக்கைப் பிடித்தவர், விட்டால்தானே. இந்தப் பையன் வலது ஓரத்தில் ஓடினால் பந்தும் இவனும் ஒன்றுதான் என்றார். இறுதிப் போட்டியில் முழங்கால் முறிந்தது என்றார். "இனிமே இந்தக் கால் ஓடாதுன்னு டாக்டர்கள் சொல்லிட்டாங்க. ஆனா இவனோட ஓட்டம் நம்ம கண்ணுல நிக்கும்" என்றபோது அவர் குரல் உடைந்தது. முன் வரிசையில் அவன் அம்மா, துணிக்கடைச் சீருடையோடு நேராக வேலையிலிருந்து வந்திருந்தவள், வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கூடம் அப்படியே அடங்கிப்போனது. ஊன்றுகோலின் டொக் டொக் சத்தம் மட்டும் மேடைப் படியில் ஏறி வந்தது.

அவர் தோள் குலுங்குவதை நான்தான் முதலில் பார்த்தேன். "தரையைப் பாருங்க சார், மூச்சை விடுங்க" என்றேன். அவர் பார்த்தது பையனின் முகத்தை. அவனும் பதக்கத்துக்காகத் தலையைக் குனிந்து, பிறகு நிமிர்ந்து, அவரைப் பார்த்தான்.

சிரித்தார். மைக் பக்கத்தில் இருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது. நிறுத்தப் பார்க்கப் பார்க்க அது பெரிதானது. கண்ணில் நீர் வழிந்தது. சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். "யோவ், மனுஷனாய்யா நீ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "இறக்குங்கய்யா அந்த ஆளை!" இன்னொரு குரல். பையனின் அம்மா எழுந்து நின்றாள். அவரையே பார்த்தாள்.

நான் அவர் இடுப்பைப் பிடித்து எழுப்பினேன். மகள் ஓடிவந்து மறுபக்கம் பிடித்தாள். அவளுக்கும் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினோம். வண்டியில் ஏற்றும்வரை சிரிப்பு நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன், இடது கைக்குள் அந்தப் பையனுக்குப் போட வேண்டிய பதக்கம். சிரிக்கும்போது அந்தப் பக்கத் தசைகள் இறுகும். ரிப்பனைத் தாங்கிய கை அப்படியே பூட்டிக்கொண்டுவிட்டது. இப்படிப்பட்ட கையில் விரலைப் பிடித்து இழுக்கக் கூடாது. மணிக்கட்டை உள்ளே மடக்கினால் விரல்கள் தானாகத் தளரும். மடக்கினேன். உள்ளங்கையில் பதக்கத்தின் விளிம்பு வட்டமாகப் பதிந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். "சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்க வைங்க" என்றார்.

மறுநாள் செயலாளர் போன் செய்தார். பதக்கத்தை யாரிடமாவது கொடுத்தனுப்பினால் போதும், சார் வர வேண்டாம், வேறு ஒருவரை வைத்துப் போட்டுவிடுகிறோம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மளிகைக் கடையில் என்னிடம், "பெரியவர் குடிச்சிருந்தாராமே?" என்று கேட்டார்கள். "அவர் குடிக்கிறது சத்துமாவுக் கஞ்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் அவர் தட்டைத் தள்ளினார். பயிற்சிக்குக் கையைக் கொடுக்கவில்லை. ஜன்னல் திரையை மூடச் சொன்னார். தெருவில் யாராவது நடந்தால் கண்ணை மூடிக்கொண்டார். வெட்கம் என்பது பெரிய வேதனை என்று பலரும் எழுதுவார்கள். நான் பார்த்த வரையில் அது மலச்சிக்கல் மாதிரி. உட்காரவும் விடாது, படுக்கவும் விடாது.

பதக்கம் மேசைமேல் கிடந்தது. அதை எடுத்துப்போகக் கழகத்திலிருந்து ஆள் வருகிறான் என்று மகள் சொன்னதும்தான் அவர் வாய் திறந்தார்.

"நான் போறேன்."

"எங்கப்பா?"

"அந்தப் பையன் வீட்டுக்கு."

"போய்? அங்கயும் சிரிச்சீங்கன்னா?"

"சிரிப்பேன்" என்றார். "தெரியும்."

"அப்ப எதுக்குப்பா போகணும்? அந்தம்மா முகத்துல என்னால முழிக்க முடியாது."

"நீ வரவேணாம். சிஸ்டர் வருவாங்க."

மகள் என்னைப் பார்த்தாள். "ஷூ போடுங்க சார்" என்றேன்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர்கள் வீடு. நல்லவேளை, தரைத்தளம். கதவைத் திறந்த அம்மா அவரைப் பார்த்ததும் கையைக் கதவிலிருந்து எடுக்கவில்லை.

"சிரிக்க இன்னும் மிச்சம் இருக்கா?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அவர் வலது கையை உயர்த்தினார், ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்துவது போல. நான் நிறுத்திக்கொண்டேன்.

"உள்ள... வரலாமா?" என்று குழறிக் கேட்டார்.

"விடும்மா" என்றது உள்ளேயிருந்து பையனின் குரல்.

முன்னறையில் அவன் ஒரு கால் நீட்டி ஸ்டூல்மேல் வைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மடித்த துணிகள், இஸ்திரிப் பெட்டி. அம்மாவின் சீருடைக்கு அவன்தான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. நான் நாற்காலியை இழுத்தேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டி, தடியால் சுவரைக் காட்டினார். எனக்குப் புரிந்தது. நாற்காலியைச் சுவர் பார்த்துப் போட்டேன். பையனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"என்ன இது?" என்றாள் அம்மா. "மறுபடியும் அவமானம் பண்ணவா?"

அவர் சுவரில் ஒரு ஆணியைப் பார்த்துக்கொண்டு மூச்சை மெதுவாக விட்டார். பிறகு பேசினார்.

"அன்னைக்கு... உன்னைப் பார்த்து சிரிக்கல. எனக்கு வியாதி. துக்கம் வந்தா... சிரிப்பா வருது. நிறுத்த முடியல. உன் முகத்தைப் பார்த்தா வந்துடும். அதான்..." தோள் குலுங்கியது. வந்துவிட்டது. ஆணியைப் பார்த்தபடியே சிரித்தார். நடுநடுவே, "மன்னிச்சுடு... மன்னிச்சுடுங்கம்மா..." என்றார். கேட்கவே கஷ்டமாக இருந்தது. மெல்லச் சிரிப்பு அடங்கியது.

"நெஜமாவா?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

"நெஜம்தான்மா. டாக்டர் சொன்னது."

பையனுக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. "இதை அன்னைக்கு மைக்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சார்? என் காலேஜ் முழுக்க அங்க இருந்துச்சு. நொண்டிக்கிட்டு வந்தேன்னு நீங்க சிரிச்சதாத்தான் எல்லாரும் நெனச்சாங்க. நானும்தான்."

"ரெஃப்ரி... விளக்கம் சொல்லக் கூடாதுன்னு..."

"மேட்ச் முடிஞ்சு எத்தனை வருஷம் ஆச்சு சார்!"

அவர் பிடரி சிவந்தது. "ஆமா" என்றார். முதுகைக் காட்டிக்கொண்டு அவர் வாதத்தில் தோற்றது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பையன் ஊன்றுகோலை எடுத்தான். எழுந்து அவர் பக்கம் வந்து, சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவில் கஷ்டப்பட்டு நுழைந்து, தலையைக் குனிந்தான். "போடுங்க. என் முகத்தைப் பார்க்காதீங்க, தலையைப் பாருங்க" என்றான்.

பதக்கத்தை அவர் வலது கையில் கொடுத்தேன். தலைக்கு மேல் தூக்கிப் போட்டார். ரிப்பன் ஒரு காதில் மாட்டி நின்றது. அம்மா வந்து அதை விடுவித்துக் கீழே இறக்கினாள். பிறகு இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். "காபி குடிச்சுட்டுப் போங்க" என்று என்னிடம்தான் சொன்னாள். அவரிடம் சொல்லவில்லை. இரண்டு டம்ளர் வந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் மகளைச் செயலாளருக்கு போன் போடச் சொன்னார். தானே பேசினார், சுவரைப் பார்த்து. நடுவில் சிரிப்பு வந்தபோது போனை வைக்கவில்லை. அடுத்து மைத்துனர். அந்தப் பேச்சு நீண்டது. மறுமுனையில் அழுகைச் சத்தம் எனக்கே கேட்டது, இவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

வெட்கம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். கழகக் கூடத்தின் பக்கம் அவர் இன்றுவரை போகவில்லை. பையன்கள் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்கிறார். ஆனால் மாலையில் நடக்கக் கூட்டிப்போகிறேன். போன வாரம் தெருமுனையில் ஒரு சைக்கிள்காரன் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டான். இவருக்குச் சிரிப்பு வந்தது. அவன் எழுந்து முறைத்தான். நான் சொல்ல வாயெடுக்கும் முன் அவரே சொல்லிவிட்டார், அந்தக் காலத்தில் வாசலில் நின்று "மீட்டர்!" என்று சொல்வாராமே, அதே தொனியில் ஒரே ஒரு சொல்:

"வியாதி!"

காது மட்டும் சிவந்திருந்தது. தடியை ஊன்றி நடந்தார்.