வலிக்கு எத்தனை மார்க்?

ஆரியசாலையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு முதலாளிக்கு ஹெர்னியா ஆபரேஷன் முடிந்த மறுநாள், "பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும் வச்சா உங்க வலி எத்தனை?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மின்விசிறியையே பார்த்தார். "எட்டுன்னு வைங்க சிஸ்டர்" என்றார். எழுதப் போனேன். "வேண்டாம், ஏழரை போடுங்க. நாளைக்குக் கூடினா கூட்டிக்கலாம்." ஏழரைக்கு எங்கள் சார்ட்டில் கட்டம் கிடையாது என்றேன். "அப்ப ஏழுக்கு முடிச்சிருங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் மார்த்தாண்டத்துக்காரி. திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் சர்ஜரி வார்டில் பத்தொன்பது வருடமாக நர்ஸ். தமிழ் பேசும் நோயாளி யார் வந்தாலும் என் தலையில்தான் விழுவார். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை எல்லோரிடமும் வலிக்கு மார்க் கேட்டு எழுதுவது எங்கள் வேலைகளில் ஒன்று. உள்ளங்கையில் தூண்டில் முள் ஏறி வந்த விழிஞ்ஞத்து மீன்காரர், "ஓ, ஒரு ஒண்ணு காணும்" என்றார். ஐ.டி. கம்பெனிப் பையன் ஒருவன் ஊசியைத் தூரத்தில் பார்த்ததுமே பத்து என்று அலறினான். திருநெல்வேலியிலிருந்து கட்டட வேலைக்கு வந்த அண்ணாச்சியோ, "நீங்களே பாத்து ஏதாவது போடுங்கம்மா" என்று முழுப் பொறுப்பையும் என்னிடம் விட்டுவிட்டார்.

சாப்பாட்டு அறையிலும் எங்களுக்கு இதே பேச்சுதான். அங்கே நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது, கட்டில் நம்பர்தான். "என் ஒன்பது காலையிலேருந்து வாந்தி." "என் நாலு இன்னும் வெளிக்கிப் போகல்ல." மீன்குழம்பைப் பிசைந்துகொண்டே பேசுவோம். ஒருநாள் தம்பானூர் பஸ்ஸில், "எனக்கு இன்னைக்கு மூணு ஹெர்னியா, ஒரு அப்பெண்டிக்ஸ்" என்று நான் போனில் அலுத்துக்கொண்டதைக் கேட்டு, முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் பதறி எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். நானும் மறுக்கவில்லை.

எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் ஆரியசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துக்காரி. என்னைவிட இரண்டு வருடம் மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பெட்ஷீட்டின் மூலை சரியாக மடியவில்லை என்றால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. மார்க் விஷயத்தில் அவள் சட்டம் ஒன்றே ஒன்று: நோயாளி சொல்வதை எழுது. "ஒன் அபிப்பிராயத்த ஒன் வீட்டுக் காலண்டர்ல எழுது" என்பாள்.

போன மழைக்காலத்தில் அவளுக்கே பித்தப்பையில் கல். ஆபரேஷன் முடித்து எங்கள் வார்டிலேயே ஆறாம் கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள். ஷிஃப்ட் மாறும்போது கட்டிலின் காலடியில் நின்று, இவருக்கு என்ன செய்திருக்கிறது, என்ன மருந்து போகிறது என்று அடுத்தவளிடம் ஒப்படைப்பது வழக்கம். அக்காவைப் பற்றி அவள் முன்னாலேயே ஒப்பிக்க வேண்டும். ஜூனியர் பெண் நடுங்கிக்கொண்டே ஆரம்பித்ததும், "பேஷன்ட் வயசச் சொல்லல்ல" என்றாள் அக்கா. அந்தப் பெண் வயதைச் சொன்னாள். "இவ்வளவு சத்தமா வேண்டாம்" என்றாள் அக்கா.

மூன்று நாளில் ஆஸ்பத்திரியின் தரத்தைச் சோதிக்க வெளியிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. அதற்காக ஆறு மாதமாக ரிஜிஸ்டர்களுக்கெல்லாம் அட்டை போட்டு, அலமாரியில் அடுக்கி வைத்திருந்தாள் அக்கா. அவள் இல்லையென்றால் மேல்மாடி வார்டின் இன்சார்ஜ்தான் அவள் இடத்தில் நிற்பாள். இருவருக்கும் ஆகவே ஆகாது.

"அவ வந்து என் அலமாரியத் திறப்பாளாக்கும்! நாளைக்கே டிஸ்சார்ஜ் வாங்கிருவேன் பாரு" என்றாள் அக்கா.

"சரி, வலி எத்தனை?"

"ரெண்டு."

காலையிலும் ரெண்டு, மதியமும் ரெண்டு. காய்ச்சலும் இல்லை. சேச்சிக்கு என்ன தைரியம் என்று மலையாளி ஜூனியர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்கு மட்டும் உறுத்தியது. நாடி நூற்றுப் பத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. டீ ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்துக் கட்டிலின் பெட்ஷீட் தரைவரைக்கும் தொங்கியது, அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

மறுநாள் காலையில் தலையணை உறையை மாற்றும்போது அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கூடு கீழே விழுந்து திறந்தது. உள்ளே பாராசிட்டமால் அட்டை. பத்து மாத்திரையில் ஆறு காலி.

"இது என்னக்கா?"

"தலைவலிக்கு."

"காய்ச்சல் பாக்கறதுக்கு அரை மணிக்கூர் முன்னாலதான் தலை வலிக்குமோ?"

"சும்மா போடி. ரெண்டு. எழுது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வேறொரு நோயாளி இந்தக் காரியத்தைச் செய்திருந்தால் அக்கா அந்த ஆளை அழவைக்காமல் விட்டிருக்க மாட்டாள். எந்த மணிக்கு வந்து பார்ப்போம், எதைப் பார்ப்போம் என்று எங்களுக்கு அட்டவணை போட்டுக் கொடுத்ததே அவள்தான். டிஸ்சார்ஜ் கிடைக்க வேண்டுமென்று, அந்த அட்டவணையை வைத்தே மாத்திரை போட்டுக் காய்ச்சலை மறைத்து எங்களை ஏமாற்றியிருக்கிறாள். அவள் சட்டப்படி கட்டத்தில் இரண்டு என்று எழுதினேன். கீழே நாடியையும் மாத்திரைக் கணக்கையும் எழுதினேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது அவள் முன்னாலேயே சொன்னேன்: "சார், இவங்க வலி ரெண்டுன்னு சொல்றாங்க. நான் நம்பல்ல."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. டாக்டர் அவள் வயிற்றின் வலப்பக்கம் கையை வைத்து அமுக்கினார். அவள் சத்தம் போடவில்லை. கண்ணீர் மட்டும் காதுப்பக்கமாக இறங்கியது.

ஸ்கேனில் பித்தநீர் கசிந்து உள்ளே தேங்கியிருப்பது தெரிந்தது. அன்றே ஒரு குழாய் போட்டு வடித்தார்கள். அப்படியே வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அதை எழுத எனக்கு மனசில்லை.

அதன்பின் அக்கா என்னிடம் பேசவில்லை. நான் மருந்து கொண்டுபோனால் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். குழு வந்தது. மேல்மாடிக்காரி அலமாரியைத் திறந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்து, அவளே ஆறாம் கட்டிலுக்கு வந்து, "ரிஜிஸ்டரெல்லாம் ஒண்ணாந்தரம்" என்று பாராட்டினாள். அக்கா தூங்குவதுபோலக் கிடந்தாள். அவள் போனதும் ஒரு கண்ணைத் திறந்து, அலமாரியைப் பூட்டிவிட்டாளா என்று ஜூனியரிடம் கேட்டாளாம்.

அன்று சாயங்காலம் எனக்கு டியூட்டி. மற்றவர்களிடம் கேட்பதுபோலவே கேட்டேன்: "வலி எத்தனை?"

 அக்கா சுவர்ப்பக்கமிருந்து மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"ஊர்ல உள்ளவங்ககிட்ட எல்லாம் கேட்டிருக்கேன். எனக்கு எத்தனைன்னு நெசமாவே தெரியல்லடி. எங்க வீட்ல இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட கேட்டதில்ல."

அவள் கணவரையும் இரண்டு பெண்களையும் எனக்குத் தெரியும். மூவரும் தங்கமானவர்கள்.

"இப்ப யோசிச்சுச் சொல்லுங்கக்கா. நான் நிக்கேன்."

கண்ணை மூடி நிஜமாகவே யோசித்தாள். பரீட்சை எழுதுகிறவளைப்போல உதடு அசைந்தது.

"ஏழு" என்றாள். சொன்னதும் விம்மி அழுதாள்.

ஏழு என்று எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியில் சொன்னால் அடிக்க வருவார்கள். ஊசியை ஏற்றினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடி. மருந்து வேலை செய்து அது தளர இருபது நிமிடம் ஆயிற்று. அதுவரைக்கும் நான் வேறு கட்டிலுக்குப் போகவில்லை.