மலேசியாக்கா வீட்டுப் பெஞ்சு

தினமும் காலையில் கொஞ்ச நேரம் நான் சார் ஆகிவிடுவேன். சேலையூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி கிணுகிணுக்கும். "குட் மார்னிங் சார்." "உங்க பலகை சூப்பர் சார்." "பிசிறு போகணும்னா உப்புத்தாளை மரத்தோட ரேகை போற பக்கமே தேய்க்கணும் சார்." பொழுதுபோக்குக்காக மரவேலை செய்கிறவர்களின் இணையக் குழு அது. தாம்பரம், மேடவாக்கம், பெருங்களத்தூர், கோவளம் என்று சுற்றுவட்டாரத்து ஆட்கள். பகலில் வங்கியிலும் கம்பெனியிலும் உட்கார்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாடியில் மரத்தூள் பறக்க அறுத்துக்கொண்டிருப்பவர்கள். சேரும்போது என் முகத்துக்குப் பதிலாக மரம் சீவுகிற இழைப்புளி ஒன்றின் படத்தை வைத்திருந்தேன். இழைப்புளி வைத்திருப்பவர் ஆம்பிளையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். நானும் திருத்தவில்லை. சார் என்று கூப்பிட்டாலும், தப்பு செய்தால் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். இந்த ஊரில் எனக்கு வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். என் கணவர் தாம்பரத்துக்காரர். அங்கே வேலை பார்க்க வந்தவரைக் கட்டிக்கொண்டேன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலை கிடைத்ததும் அவர் ஊர் திரும்பினார். நான் ஊரை விட்டுக் கிளம்பினேன். ஒரே விமானம், பக்கத்துப் பக்கத்து இருக்கை. இங்கே வந்தபோது, தமிழ் பேசும் ஊர்தானே, என்ன கஷ்டம் வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். பால் வாங்கப் போன இடத்தில், சாப்பிட்டாச்சா என்பதை எங்கள் ஊர்ப் பேச்சில் "பசியாறிட்டீங்களா" என்று கேட்டேன். கடைக்காரர் நான் ஏதோ கோயில் அன்னதானம் பற்றி விசாரிப்பதாக நினைத்து வழி சொன்னார். காரைக் காடி என்று சொல்வதை நிறுத்தவே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. தெருவில் எனக்குப் பெயர் கிடையாது. மலேசியாக்கா, அவ்வளவுதான். மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் ஒருவரும் வாசற்படி தாண்டி உள்ளே வந்ததில்லை.

மரவேலை எனக்கு எங்கிருந்து வந்தது என்று குழுவில் கேட்டார்கள். கிள்ளானில் இடைநிலைப் பள்ளியில் 'கெமாஹிரான் ஹிடூப்' என்று ஒரு பாடம் உண்டு. வாழ்க்கைத் திறன் என்று பொருள். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை எல்லாரும் ரம்பம் பிடிக்க வேண்டும். நானும் என் சீனத் தோழியும் சேர்ந்து சாவி மாட்டுகிற பலகை ஒன்று செய்தோம். அது கோணல். ஆசிரியர் அதைத் தூக்கிப் பார்த்து, மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு மதிப்பெண் போட்டார். அந்தப் பைன் மரத்து வாசனை மட்டும் மூக்கிலேயே தங்கிவிட்டது. பல வருடம் கழித்துப் படப்பைப் பக்கம் போகும்போது, தொழிற்சாலைகளில் கழித்துக்கட்டிய பெட்டிப் பலகைகளை ஒரு பழைய மரக்கடையில் அடுக்கி வைத்திருந்தார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி முகர்ந்து பார்த்தேன். அதே வாசனை. கணவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் பலகைகளை வண்டியில் ஏற்றிக் கொடுத்தார்.

அந்தப் பலகைகளில்தான் பெஞ்சு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை குழுவினர் எல்லாரும் எங்கள் வீட்டில் கூடுவது என்று முடிவாகியிருந்தது. நானாகக் கேட்டு வாங்கிய வாய்ப்பு அது. கணவருக்காகவோ மாமியாருக்காகவோ இல்லாமல், எனக்காக என் வீட்டுக்கு ஆட்கள் வரப்போகிறார்கள். வருகிறவர்கள் என் கையால் செய்த பெஞ்சில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நாலு பேர் தாராளமாக உட்கார்ந்து கோப்பி குடிக்கிற நீளம். படம் போட்டேன். நீளம் கொஞ்சம் ஜாஸ்தி சார் என்று ஒருவர் எழுதினார். மற்றவர்கள் கைதட்டும் பொம்மை போட்டார்கள். வீட்டுக்கு வழி சொல்ல வேண்டுமே என்று குரலில் ஒரு செய்தி அனுப்பினேன். நான் பெண் என்று அப்போதுதான் குழுவுக்குத் தெரிந்தது. பிறகு, குழுவை நடத்துகிற மேடவாக்கத்து சுந்தர், "சாரி மேடம்" என்று எழுதினார். அன்றைக்கு மேடம், மறுநாள் அக்கா. அதற்குப் பிறகு நான் எதைப் போட்டாலும் சூப்பர் அக்காதான். தப்பு சொல்ல யாரும் வரவில்லை. எனக்கு அந்த சாரைக் காணாமல் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கேட்டைத் தட்டும் சத்தம். எதிர்வீட்டுத் தேவகி நின்றிருந்தாள். கோவளத்தில் மீன் எடுத்து வந்து தெருமுனையில் விற்பவள். கூடவே எங்கள் சுவரோரம் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்கார சேகர் அண்ணன். தேவகியின் மாமனார் விடியற்காலையில் இறந்துவிட்டாராம்.

"அக்கா, உங்க வூட்ல பெரிய பெஞ்சு ஒண்ணு கீதாமே, சேகர் அண்ணன் சொல்லிச்சு. கொஞ்சம் குடுக்கா. ஐஸ் பெட்டி வந்துகினு கீது, வெக்கறதுக்கு எடம் இல்ல" என்றாள்.

எங்கள் கிள்ளானில் சாவு என்றால் ஒரு கம்பெனிக்குப் போன் செய்வோம். சவப்பெட்டி, கூடாரம், நாற்காலி, மாலை எல்லாம் ஒரே லாரியில் வந்து இறங்கும். பக்கத்து வீட்டில் எதையும் கேட்க வேண்டியதில்லை. அதனால் எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள், சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடத்தில் இந்தத் தெரு என்னிடம் ஒரு பொருளைக் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை. சேகர் அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். பந்தலுக்குக் கீழே பெஞ்சைப் போட்டு அதன்மேல் பெட்டியை வைத்தார்கள். அத்தனை கனத்துக்கும் அது கொஞ்சம்கூட முனகவில்லை. துக்க வீட்டில் நின்றுகொண்டு எனக்கு உள்ளுக்குள் பெருமை.

அந்தப் பெருமையில்தான் குழுவில் எழுதினேன். நான் செய்த பெஞ்சு முதன்முதலாக ஒருவருக்கு உதவியது, எதிர்வீட்டுத் தாத்தாவைச் சுமந்தது என்று. பந்தலுக்கு வெளியிலிருந்து எடுத்த ஒரு படமும் போட்டேன்.  வெகுநேரம் கழித்துக் கும்பிடும் பொம்மைகள் ஒவ்வொன்றாக வந்தன. பெஞ்சுக்கா, தாத்தாவுக்கா, எனக்கா என்று தெரியவில்லை. பிறகு அறிவுரைகள். மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும் என்றார் ஒருவர். வீட்டுக்குள் சேர்க்காதீர்கள், எரித்துவிடுங்கள் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், இதெல்லாம் குழுவில் போடுகிற விஷயமா என்று கேட்டுவிட்டு, உடனே அழித்தும் விட்டார். எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள், ஆளுக்கொரு சட்டம் வைத்திருந்தார்கள். எதைப் பின்பற்றினால் நான் இந்த ஊர்க்காரி ஆவேன்?

சனிக்கிழமை மாலை, காரியமெல்லாம் முடிந்து கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார்கள் என்று நினைத்து, பெஞ்சை எடுத்துவர நானே போனேன். நான் செய்த தப்பு அதுதான்.  பந்தலில் உட்கார்ந்திருந்த தேவகி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா இது, சாவுக்குப் போன பெஞ்சப் போயி வூட்டுக்கு எடுத்துக்கினு போறேன்றே? நாளைக்கு உங்க வூட்ல ஒருத்தருக்குத் தலைவலின்னாகூட நான்தானே காரணம்னு ஆவும். வேற புச்சா வாங்கித் தரேன்க்கா" என்றாள்.

"எனக்குப் புதுசு வேணாம். என் பெஞ்சுதான் வேணும்" என்றேன். அது நான் செய்தது, நாளைக்கு ஆட்கள் வருகிறார்கள், அதில்தான் உட்கார வேண்டும் என்றெல்லாம் சொல்ல நினைத்தேன். அந்த இடத்தில் சொல்ல வாய் வரவில்லை. என் குரல் மட்டும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தேவகியின் கணவர் முருகன் ஆட்டோ ஓட்டுபவர். நான் அவர்களை நம்பாமல் பேசுகிறேன் என்று எடுத்துக்கொண்டார். துக்கத்திலும் அவர் முகம் சிவந்தது. நான் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து அழுதேன். பெஞ்சுக்காக அழுகிறேனா என்று கணவர் கேட்டார். தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முருகன் ஆட்டோவின் மேல் ஒரு பெஞ்சைக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கினார். இரும்புக் கால், மேலே ஒட்டுப்பலகை, டியூஷன் சென்டரில் போடுவார்களே, அந்த மாதிரி. பதினாறாம் நாள் காரியம்கூட முடியாத வீட்டு ஆள், படப்பை வரைக்கும் அலைந்து வாங்கி வந்திருக்கிறார். வேண்டாம் என்றால் இன்னும் பெரிய அவமானம் என்று எனக்கே புரிந்தது. வாங்கி உள்ளே போட்டேன்.

குழுவிலிருந்து முக்கால்வாசிப் பேர் வரவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குக் குன்றத்தூர் கோயிலில் வேண்டுதல். சுந்தரும், கோவளத்து ரவியும், பெருங்களத்தூரிலிருந்து ஒருவரும் வந்தார்கள். மரவேலைக்காரர்கள் மூன்று பேர் இரும்புப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து என் கோப்பியைக் குடித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெஞ்சு எங்கே என்று சுந்தர்தான் மெதுவாகக் கேட்டார். கூட்டிக்கொண்டு போனேன். தேவகி வீட்டுப் பக்கச் சந்தில், தார்ப்பாய் போர்த்திச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். மற்ற இருவரும் தள்ளியே நின்றார்கள். ரவி மட்டும் குந்தி உட்கார்ந்து, தார்ப்பாயை விலக்கி, காலும் பலகையும் சேருகிற இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்த மூட்டுல பசை பத்தலக்கா. எப்டியோ தாங்கிக்கினு கீது. அடுத்த வாட்டிக்குள்ள ஒரு ஆப்பு அடிச்சிருங்க" என்றார்.

அடுத்த தடவை என்று அவர் சொன்னதை அப்போது நான் சரியாகக் கவனிக்கவில்லை. தப்பு சொல்ல ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் இருந்தேன். தேவகியிடம் கேட்டுக்கொண்டு, அந்தச் சந்திலேயே உட்கார்ந்து ஆப்பு அடித்தேன். சில மாதம் கழித்துப் பின்தெருவில் ஒரு சாவு. அந்த வீட்டு ஆட்கள் தேவகியிடம் போகாமல் நேராக என்னிடம் வந்து நின்றார்கள். உங்க பெஞ்சாச்சே, கேக்காம எடுக்கலாமா என்றார்கள். அதிலிருந்து இதுதான் நடைமுறை. பெஞ்சு என்னுடையது, என் வீட்டுக்கு வரக்கூடாது. அது போகிற இடமெல்லாம் நான் சரி என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு நானும் போய் நிற்கிறேன். இதற்குப் பெயர் சொந்தமா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

போன மாதம் தம்பி மகள் கல்யாணத்துக்குக் கிள்ளான் போயிருந்தேன். முதல்நாள், வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள், கையெல்லாம் மஞ்சள். கைப்பேசி அடித்தது. தேவகி. கல்யாண வீட்டில் இந்தப் பேச்சு யார் காதிலும் விழக்கூடாதே என்று கேட்டுக்கு வெளியே ஓடினேன்.

"அக்கா, பெஞ்சு எடுத்துக்கட்டா?"

"எடுத்துக்கோ" என்று சொன்ன பிறகுதான் யாருக்கு என்று கேட்டேன்.

"நம்ம சேகர் அண்ணன்க்கா. வண்டியாண்டயே உக்காந்தாப்ல சாஞ்சிட்சு."

முதன்முதலாகப் பெஞ்சு வெளியே போனபோது அதன் மறுமுனையைத் தூக்கியவர். வெயில் படுகிற மாதிரி போடாதே, மூட்டு விட்டுப்போகும் என்று என்னவோ சொன்னேன். போனை வைத்தேன். உள்ளிருந்து தம்பி மனைவி, "அண்ணி, யாரு போன்ல? உங்க ஊர்லேருந்தா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள், கோப்பி கலக்க வாங்க என்றாள். சாவுச் செய்தி கேட்டால் குளித்துவிட்டுத்தான் கல்யாண வீட்டுக்குள் போக வேண்டும். அதுவும் சொந்தமாக இருந்தால்தான். சேகர் அண்ணன் எங்களுக்குத் துணி தேய்த்துக் கொடுத்தவர், அவ்வளவுதான். கேட்டுக்குப் பக்கத்திலிருந்த குழாயைத் திறந்து கால் இரண்டையும் கழுவினேன். தலைக்கும் ஊற்றிக்கொள்ள வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல், தண்ணீர் ஓட ஓட அங்கேயே நின்றேன்.